மனிதநேய உளவியல்: புதிதாக வருபவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

உளவியலுக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் மனிதநேய அணுகுமுறை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மனிதத் தேவைகளை ஐந்து படிகளாக அடுக்கிய ஒரு முக்கோணத்தைத்தான் வரைந்து காட்டுவார். அடியில் பசி, தாகம், தூக்கம். உச்சியில் வாயில் நுழையாத ஒரு நீண்ட சொல். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஐந்து படிகளையும் வரிசை மாறாமல் எழுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். கொஞ்ச நாள் கழித்து நெருங்கிய தோழி ஒருத்தி என் எதிரே உட்கார்ந்து அழுதாள். ஐந்து படிகளில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. “கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, உன் படிப்பு எப்படிப் போகுது?” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆறுதல் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுந்ததோ ‘இத்தோடு நிறுத்திக்கொள்’ என்பது. இது எனக்கு உறைக்கவே பல மாதங்கள் ஆயின. அந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தால் எனக்கு நிறைய நேரம் மிச்சமாகியிருக்கும். ஆகவே கீழே வருவது பாடநூல் வரிசை அல்ல. கொஞ்சம் வரலாறு, சீக்கிரமே பயிற்சி, கடைசியில் சில எச்சரிக்கைகள். மாணவர், ஆசிரியர், பெற்றோர், செவிலியர், ஒரு குழுவை நடத்துபவர் என யார் வேண்டுமானாலும் இதைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

முதலில்: இது எதற்குப் பதிலாக வந்தது?

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க உளவியலில் இரண்டு தரப்புகள் கொடிகட்டிப் பறந்தன. ஒன்று ஃபிராய்டு தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வு. மனிதரை இயக்குவது அவருக்கே தெரியாமல் உள்ளே புதைந்து கிடக்கும் உந்துதல்கள், அவற்றைத் தோண்டி எடுத்துப் பொருள் சொல்லத் தேர்ந்த ஒருவர் வேண்டும் என்றது அது. மற்றொன்று நடத்தைவாதம். வாட்சனும் பிறகு ஸ்கின்னரும் வளர்த்தது. கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் அளவிடுவோம், எதற்குப் பலன் கிடைக்கிறதோ அந்த நடத்தை நிலைக்கும், உள்ளே என்ன ஓடுகிறது என்பது நம் கணக்கில் வேண்டாம் என்றது.

இரண்டுமே பல உண்மைகளைக் கண்டுபிடித்தவை. ஆனால் எதிரே இருக்கும் மனிதரிடமே “உங்களுக்கு இது எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, அவர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இரண்டிலும் குறைவு. அந்த இடைவெளியில் முளைத்ததுதான் மனிதநேய உளவியல். ஆபிரகாம் மாஸ்லோ இதை ‘மூன்றாம் விசை’ என்றார். 1961இல் இதற்கென ஓர் ஆய்விதழ் தொடங்கியது. 1964இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்டு சேப்ரூக் என்ற சிற்றூரில் ஒரு மாநாடு கூடியது. மாஸ்லோ, கார்ல் ராஜர்ஸ், ரோலோ மே, கார்டன் ஆல்போர்ட், ஷார்லட் பியூலர், ஜேம்ஸ் பியூஜென்டல் என முக்கியமானவர்கள் பலரும் அங்கே இருந்தார்கள். அந்தக் காலத்தில் பியூஜென்டல் தொகுத்துத் தந்த ஐந்து அடிப்படைகளை இன்றும் பாடநூல்களில் பார்க்கலாம். மனிதர் தம் பகுதிகளின் கூட்டுத்தொகை அல்ல, பிற மனிதர்களோடுதான் மனிதராகிறார், தன்னை அறிகிறார், தேர்ந்தெடுக்கிறார், எதையோ நோக்கிப் போகிறார். அவ்வளவுதான், இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவர்கள் வெளியே நின்று கல்லெறிந்தவர்கள் அல்லர். மாஸ்லோ முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது குரங்குகளிடையே யார் யாரை அடக்குகிறார்கள் என்பதை. வழிகாட்டி, குரங்குக் குட்டிகள் மீதான சோதனைகளால் பின்னாளில் பெயர்பெற்ற ஹாரி ஹார்லோ. ஆய்வுக்கூடத்துக்குள் இருந்துதான் அவருக்குக் கேள்வி எழுந்தது.

இரண்டாவது: அந்த முக்கோணத்தை அதன் இடத்தில் வையுங்கள்

மாஸ்லோ தேவைகளின் அடுக்கைப் பற்றி எழுதியது 1943இல். அந்தக் கட்டுரையில் முக்கோணமே கிடையாது. பிற்பாடு நிர்வாகவியலில் இருந்தவர்கள் ஊழியர்களை ஊக்கப்படுத்துவது பற்றி எழுதும்போது வரைந்து சேர்த்தது அது. படம் அழகாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. படத்தோடு ஒரு தவறான எண்ணமும் ஒட்டிக்கொண்டது: கீழ்ப்படி முழுதாக நிரம்பினால்தான் மேல்படிக்கு ஏற முடியும் என்று.

மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள் என்று சொல்லிவிட்டே ஒரு கணக்குத் தந்தார். சராசரி மனிதருக்கு உடல் தேவைகள் 85 விழுக்காடு, பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, உச்சியில் உள்ளது 10 விழுக்காடு நிறைவேறியிருக்கலாம் என்று. எல்லாத் தேவைகளும் ஒரே நேரத்தில் அரைகுறையாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அவர் படம். நம் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தானே இருக்கிறது?

உச்சியில் இருக்கும் அந்த நீண்ட சொல்லை (செல்ஃப்-ஆக்சுவலைசேஷன்) தமிழில் ‘தன்திறன் நனவாக்கம்’ என்பார்கள். ‘தன்னிறைவு’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, பிறரை எதிர்பார்க்காமல் இருப்பது என்ற பொருளை அது கொண்டுவந்துவிடுகிறது. மாஸ்லோ இந்தச் சொல்லை நரம்பியலாளர் குர்ட் கோல்ட்ஸ்டீனிடமிருந்து எடுத்துக்கொண்டார். விதைக்குள் இருப்பது மரமாக முனைவதுபோல, ஒருவர் தன்னால் ஆகக்கூடியதாக ஆக முனைவது என்று புரிந்துகொண்டால் போதும். ஆனால் இந்த நிலையை எட்டியவர்கள் என்று மாஸ்லோ எடுத்துக்காட்டிய லிங்கன், ஐன்ஸ்டீன், எலினோர் ரூஸ்வெல்ட் போன்றவர்களை அவரே தேர்ந்தெடுத்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். தனக்குப் பிடித்தவர்களைப் பொறுக்கி எடுத்து அவர்களிடம் பொதுவாக இருப்பதைப் பட்டியலிட்டால் கிடைப்பது தன் ரசனையின் பட்டியலாகவும் இருக்கலாம்.

மூன்றாவது: ராஜர்ஸிடம் வாருங்கள்

பயிற்சி என்று வந்தால் மனிதநேய உளவியலின் அடுப்பங்கரை கார்ல் ராஜர்ஸ்தான் (1902–1987). பண்ணையில் வளர்ந்து, கல்லூரியில் முதலில் வேளாண்மை படிக்கப் போனவர். பிறகு இறையியல், அதையும் விட்டுவிட்டு உளவியல். சிறுவயதில் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்காகச் சேமித்த உருளைக்கிழங்குகள் இருட்டிலும் முளைவிட்டதை அவர் பின்னாளில் நினைவுகூர்வார். பச்சையான முளைகள் அல்ல, வெளிறி மெலிந்து, எங்கோ தொலைவில் இருக்கும் சிறு சன்னல் வெளிச்சத்தை நோக்கி வளைந்து நீளும் முளைகள். ஒருபோதும் செடியாகப் போவதில்லை, ஆனாலும் முனைந்துகொண்டிருக்கின்றன. மனநல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களோடு பேசும்போது அந்தக் கிழங்குகள்தான் தன் நினைவுக்கு வரும் என்பார். ஒருவருடைய நடத்தை எவ்வளவு கோணலாகத் தெரிந்தாலும் அது கிடைத்த வெளிச்சத்தை நோக்கிய வளைவாக இருக்கலாம். ராஜர்ஸின் கோட்பாடு முழுவதற்கும் இந்த ஒரு காட்சி போதும் என்பது என் எண்ணம்.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றில் அவர் 12 ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே நடந்ததாக அவரே சொல்லும் ஒரு சம்பவம். அடங்காத சிறுவன் ஒருவனின் தாய் வந்துகொண்டிருந்தார். சிறுவயதில் அவர் மகனை ஒதுக்கியதுதான் சிக்கலுக்கு வேர் என்று ராஜர்ஸ் கண்டுபிடித்துவிட்டார். அதை அந்தத் தாய்க்குப் புரியவைக்க எத்தனையோ சந்திப்புகளில் முயன்றார். நடக்கவில்லை. சரி, இருவரும் முயன்றோம், முடியவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவரும் ஒப்புக்கொண்டு எழுந்து கதவுவரை போனார். திரும்பிப் பார்த்து, பெரியவர்களுக்கு இங்கே ஆலோசனை தருவதுண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் வந்து உட்கார்ந்து தன் மணவாழ்க்கையைக் கொட்டத் தொடங்கினார். ராஜர்ஸ் வாயைத் திறக்காமல் கேட்டார். உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும், எனக்கு அல்ல என்ற முடிவுக்கு ராஜர்ஸ் வந்த வழி இது.

1957இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒருவர் மாறுவதற்கு ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். அவற்றில் ஆலோசகருக்கு உரிய மூன்றுதான் எல்லாரும் படிப்பது: ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல். மறந்துபோகும் ஒன்று கடைசி நிபந்தனை. இந்த ஏற்பும் புரிதலும் எதிரே இருப்பவருக்குக் கொஞ்சமாவது தெரிய வேண்டும். நீங்கள் மனசுக்குள் உருகிப்போனால் போதாது. என் தோழி விஷயத்தில் எனக்கு அக்கறை இல்லாமலா இருந்தது? அது அவளிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஏற்பு என்பதைச் சம்மதம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். “அண்ணனை ஓங்கி அறையணும்போல இருக்கு” என்று ஒருவர் சொன்னால், அறை என்று நீங்கள் தலையாட்டப் போவதில்லை. அப்படித் தோன்றும் அளவுக்குக் கோபம் இருப்பதைத் தீர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறீர்கள். ஒத்துணர்விலும் ஒரு நுணுக்கம் உண்டு. அவருடைய இடத்தில் நின்று பார்ப்பது ‘போல’ உணர்கிறீர்கள். அந்த ‘போல’ கழன்றுவிட்டால் இருவரும் சேர்ந்து மூழ்குவீர்கள்.

நான்காவது: பத்து நிமிடம் கேளுங்கள்

இங்கேதான் அதிக நாள் செலவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

இதே ஆர்வமுள்ள ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும், மற்றவர் கேட்கட்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். தலைப்பு பெரிய சோகமாக இருக்கக் கூடாது. இந்த வாரம் மனசை லேசாக உறுத்திய ஏதோ ஒன்று போதும். கேட்பவருக்கு ஒரே ஒரு வேலைதான், பேசுபவர் சொன்னதில் தனக்கு என்ன புரிந்தது என்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்வது. அறிவுரை, கேள்வி, ஆறுதல், சொந்தக் கதை எதுவும் கிடையாது.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். துணைவர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்:

“நேத்து மீட்டிங்ல நான் ஒரு யோசனை சொன்னேன். யாரும் கண்டுக்கவே இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு அதையே இன்னொருத்தர் சொன்னாரு. எல்லாரும் தலையாட்டுறாங்க.”

உங்கள் வாயில் என்னவெல்லாம் வரும்? “இதெல்லாம் எங்கேயும் நடக்குறதுதான், விடு” என்று தட்டிவிடலாம். “அடுத்த தடவை முன்னாடியே மெயில்ல எழுதி அனுப்பிடு” என்று வழி சொல்லலாம். “எனக்கும் போன வருஷம் இப்படித்தான்” என்று கதையைத் தன் பக்கம் இழுக்கலாம். “யார் அவரு? என்ன யோசனை?” என்று விசாரணை நடத்தலாம். “சரியான திருட்டுத்தனம்!” என்று அவரைவிட வேகமாகக் கொதிக்கலாம். இந்தக் கடைசி வகைதான் ஏமாற்றும். பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும், ஆனால் அவர் இன்னும் கோபம் என்றே சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக இப்படி:

“நீ அந்த அறையில இல்லாத மாதிரியே ஆயிடுச்சு.”

“ம்… ஆமா. இல்ல, அதுகூடப் பரவாயில்ல. அது நான் சொன்னதுதான்னு அப்பவே சொல்லியிருக்கலாம். வாயே வரல. அதுதான்…”

“மத்தவங்க கண்டுக்காததைவிட, நீ பேசாம இருந்ததுதான் உறுத்துது.”

“ஆமா. எப்பவுமே அப்படித்தான் பண்றேன்.”

முதல் மறுமொழி முழுக்கச் சரியாக அமையவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘இல்ல’ என்று அவரே திருத்தினார். அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. புதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். சரியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் திருத்துவதற்கு இடம் விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஆகவே குரலை முடிவுகட்டுவதுபோல் இறக்காமல், ‘அப்படித்தானா?’ என்ற தொனியில் விடுங்கள். ஆனால் கேள்வியாக்கிவிடாதீர்கள்.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். பாடநூல்களில் உள்ள மாதிரி வாக்கியங்களை அப்படியே மொழிபெயர்த்து “நீங்கள் கோபமாக உணர்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன்” என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வயதில் மூத்தவரிடம் “நீங்க கோபமா இருக்கீங்க” என்றால் குற்றம்சாட்டுவதுபோல் ஒலிக்கும். “கஷ்டமாத்தான் இருந்திருக்கும்”, “அது சும்மா விடுற விஷயமா இல்ல”, “மனசு ஆறல” என்று ஆளைச் சுட்டாமல் உணர்வை மட்டும் சொல்ல நம் மொழியில் ஏராளமான வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு பொறி கிளிப்பிள்ளைத்தனம். அவர் சொன்ன கடைசி நான்கு சொற்களைத் திருப்பிச் சொல்வது கேட்பதாகிவிடாது. 1966இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார். ராஜர்ஸ் பாணி ஆலோசகரைப்போல, தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே கொஞ்சம் மாற்றிக் கேள்வியாகத் திருப்பி அனுப்பும் நிரல் அது. உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாமலேயே அதனால் உரையாட முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை அவர் உருவாக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அவருடைய செயலாளரே அதோடு தட்டச்சில் பேசத் தொடங்கியதும், கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டாராம். யாராவது கேட்டால் போதும் என்ற ஏக்கம் மனிதர்களுக்கு எவ்வளவு என்பதை இது காட்டுகிறது. வெறுமனே எதிரொலிப்பதை எந்திரமும் செய்யும் என்பதையும் சேர்த்துத்தான். உங்கள் துணைவர் ‘ம், அதேதான்’ என்று மேலே போகிறாரா, அல்லது ‘ஆமா, அதைத்தானே சொன்னேன்’ என்று நின்றுவிடுகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் நீங்கள் எலைசாவாகிவிட்டீர்கள்.

மௌனத்துக்குப் பயப்பட வேண்டாம். ஐந்து விநாடி முதல் தடவை ஐந்து நிமிடம்போல இருக்கும். பழகிவிடும்.

ஐந்தாவது: உங்கள் பேச்சை நீங்களே கேளுங்கள்

நான் நன்றாகக் கேட்பவன் என்று நினைக்காதவர் யார்? ராஜர்ஸ் இந்த நினைப்பை நம்பவில்லை. 1940களில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஆலோசனைச் சந்திப்புகளைக் கிராமஃபோன் தட்டுகளில் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டிய காலம் அது. 1942இல் வந்த அவர் நூலில் ஒருவருடனான சந்திப்புகள் அனைத்தும் சொல்லுக்குச் சொல் அச்சாயின. அதுவரை மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறது என்பது ஆலோசகர் பிறகு எழுதிவைக்கும் குறிப்பு வழியாகத்தான் வெளியே தெரியும். ‘மனிதநேயம்’ என்ற பெயரைக் கேட்டு இது இளகிய மனசுக்காரர்களின் துறை என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சையைப் பதிவு செய்து ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டதில் அவர் முன்னோடி.

உங்களிடம் கைப்பேசி இருக்கிறது. துணைவரின் சம்மதத்தோடு ஒரு பத்து நிமிடத்தைப் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிடப் பகுதியையாவது எழுத்தாக்குங்கள். உங்கள் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அறிவுரை, கேள்வி, ஆறுதல், என் கதை, பிரதிபலிப்பு (புரிந்ததைத் திருப்பிச் சொன்னது) என்று குறியுங்கள். முதல்முறை செய்தபோது என் பக்கத்தில் பிரதிபலிப்பு என்று குறிக்க இரண்டே வாக்கியங்கள்தான் கிடைத்தன. மீதியெல்லாம் அறிவுரை, அதுவும் கேள்வி வேடம் போட்டு: “அவர்கிட்டயே நேரா பேசிப் பார்க்கலாமே?” முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள், துணைவர் கண்முன்னே.

ஆறாவது: அதே காதை உங்கள் பக்கம் திருப்புங்கள்

குழந்தைக்கு அன்பு வேண்டும். அந்த அன்பு ‘நல்லா படிச்சாத்தான்’, ‘அழாம இருந்தாத்தான்’ என்று நிபந்தனையோடு வரும்போது, குழந்தை நிபந்தனையை விழுங்கிக்கொள்கிறது. வளர்ந்தபின் வெளியிலிருந்து யாரும் சொல்லத் தேவையில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும். ராஜர்ஸ் இவற்றை மதிப்புக்கான நிபந்தனைகள் என்றார். ‘நான் எப்படி இருக்கிறேன்’ என்பதும் ‘நான் எப்படி இருந்தாக வேண்டும்’ என்பதும் வெகுதூரம் விலகும்போது மனசு இறுகிவிடுகிறது, தன் அனுபவத்தையே நம்ப மறுக்கிறது என்பது அவர் கணிப்பு.

செய்து பார்க்க வேண்டியது: ‘நான் … வேண்டும்’ என்று முடியும் வாக்கியங்கள் பத்து எழுதுங்கள். யோசிக்காமல் எழுதுங்கள். ‘யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருக்க வேண்டும்’, ‘எப்போதும் முதலில் வர வேண்டும்’, எதுவாகவும் இருக்கலாம். பிறகு ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். யார் குரலில் கேட்கிறது? சிலவற்றில் உங்கள் குரலே கேட்கும், அவற்றை வைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் வேறு யாரோ பேசுவார்கள். உடனே அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. யாருடையது என்று தெரிந்தாலே அதன் பிடி கொஞ்சம் தளரும்.

அந்த இடைவெளியை அளக்கவும் ஒரு வழி இருந்தது. வில்லியம் ஸ்டீஃபன்சன் உருவாக்கிய அட்டை அடுக்கும் முறையை ராஜர்ஸின் சிகாகோ குழு எடுத்துக்கொண்டது. தன்னைப் பற்றிய 100 வாக்கியங்கள், தனித்தனி அட்டைகளில். ‘என்னைப் போன்றது’ முதல் ‘என்னைப் போன்றதல்ல’ வரை ஒன்பது குவியல்களாகப் பிரிக்க வேண்டும். பிறகு அதே அட்டைகளை, ‘நான் இருக்க விரும்பும் என்னை’ நினைத்துக்கொண்டு மறுபடி அடுக்க வேண்டும். ஆலோசனைக்கு முன்பும் பின்பும் இரண்டு அடுக்குகளையும் ஒப்பிட்டார்கள். 1954இல் வெளியான முடிவுகளில், ஆலோசனை பெற்றவர்களுக்கு இரண்டும் நெருங்கிவந்திருந்தன. வீட்டில் செய்ய 20 துண்டுச் சீட்டுகள் போதும். இன்றைக்கு ஒரு அடுக்கு, நாளைக்கு இன்னொன்று. அதிகம் இடம் மாறிய சீட்டு எது என்று பாருங்கள். அடுத்த பத்து நிமிடப் பயிற்சியில் பேசத் தலைப்பு கிடைத்துவிட்டது.

ஏழாவது: சொல்லுக்கு முன்னால் உடம்பில் இருப்பது

ராஜர்ஸோடு சிகாகோவில் வேலை பார்த்த தத்துவ அறிஞர் யூஜின் ஜென்ட்லின் ஒன்றைக் கவனித்தார். ஆலோசனையால் பலன் பெறுபவர்கள் சரளமாகப் பேசுபவர்கள் அல்லர். நடுவில் நின்று, ‘அது… எப்படிச் சொல்றது… கோபம்னு சொல்ல முடியாது…’ என்று தடவித் தேடுபவர்கள். இன்னும் சொல் கிடைக்காத, ஆனால் உடம்பில் தெளிவாகத் தெரியும் ஏதோ ஒன்றை அவர்கள் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதையே யாரும் பழகக்கூடிய ஒரு முறையாக்கி 1978இல் நூலாக வெளியிட்டார்.

தமிழ் பேசுபவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மனசு பாரமாக இருக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தொண்டையை அடைக்கிறது, நெஞ்சு கனக்கிறது என்று நாம் ஏற்கெனவே உடம்பில்தான் உணர்வை வைத்துப் பேசுகிறோம். கண்ணை மூடி உட்காருங்கள். உறுத்தும் விஷயத்தை நினையுங்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் என்ன நடக்கிறது? அதற்கு ஒரு சொல் வைத்துப் பாருங்கள். ‘பயம்’? பொருந்தவில்லை என்றால் உடம்பு சும்மா இருக்கும். ‘மாட்டிக்கிட்ட மாதிரி’? சரியான சொல் விழும்போது ஒரு பெருமூச்சு தானாக வரும். அந்தப் பெருமூச்சுதான் அடையாளம். பதற்றம் கூடினால் கண்ணைத் திறந்து, எழுந்து நடந்துவிடுங்கள், வலுக்கட்டாயமாகத் தொடர வேண்டாம்.

எட்டாவது: நல்ல பிள்ளையாக நடிக்காதீர்கள்

பயிற்சி கொஞ்சம் பிடிபட்டதும் வரும் வியாதி இது. எப்போதும் மென்குரல், எப்போதும் புன்சிரிப்பு, உள்ளே கொட்டாவி. உள்ளொன்று புறமொன்றாக இருப்பது எதிரே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், ராஜர்ஸின் மூன்று நிபந்தனைகளில் இதைத்தான் போலி செய்ய முடியாது. களைப்பாக இருந்தால், “இப்ப தலை ஓடல, சாயங்காலம் உட்காருவோமா? நீ சொல்றதை ஒழுங்கா கேக்கணும்” என்பது அரைமனதோடு ஒரு மணிநேரம் கேட்பதைவிட மேல்.

ராஜர்ஸின் மாணவர் தாமஸ் கார்டன் பெற்றோருக்கான பயிற்சிகளில் ‘நீ’ வாக்கியத்துக்குப் பதில் ‘நான்’ வாக்கியம் பேசச் சொன்னார். “நீ என்னைக் கோபப்படுத்துற” என்று தொடங்காமல் தன் உணர்வைத் தன்னுடையதாகச் சொல்வது. தமிழ் இதில் பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருது, எனக்கு வருத்தமா இருக்கு என்று உணர்வு நம்மிடம் வருவதாகத்தான் பேசுகிறோம். அதோடு எதனால் என்பதைச் சேர்த்தால் போதும்: “சொன்ன நேரத்துக்கு ஆள் வரலன்னா எனக்குப் பதற்றமாயிடுது.”

ஒன்பதாவது: எங்கே நிறுத்த வேண்டும்

இந்த அணுகுமுறை பிடித்துப்போனவர்கள் இதை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. விஸ்கான்சினில் ராஜர்ஸும் குழுவினரும் மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் இதை விரிவாகச் சோதித்தபோது எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. அந்த ஆறு நிபந்தனைகளும் இருந்தாலே போதும் என்று 1957இல் அவர் சொன்னதை இன்றைய உளவியலில் பெரும்பாலோர் அப்படியே ஏற்பதில்லை. நல்ல உறவு வேண்டும் என்பதில் ஏறக்குறைய எல்லாரும் உடன்படுவார்கள். ஆனால் எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு அஞ்சும் நோய் போன்றவற்றுக்கு, பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் முறைகளுக்கே வலுவான ஆதாரம் இருக்கிறது. தனிமனிதரின் வளர்ச்சியை இவ்வளவு முன்னிறுத்தினால் குடும்பம், வறுமை, அநீதி எல்லாம் பின்னுக்குப் போய்விடாதா என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. அதே சமயம், குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பேச வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறை (மாறுவதற்கான காரணங்களை அவர் வாயாலேயே வரவழைக்கும் உரையாடல்) ராஜர்ஸின் கேட்டலிலிருந்து வளர்ந்தது. இன்று மருத்துவத்தின் பல பிரிவுகளில் அது புழங்குகிறது.

பயிற்சித் துணைவரோ வேறு யாரோ உயிரை விட்டுவிடலாம்போல இருக்கிறது என்று சொன்னால், கேட்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் ஒருவரே அதைச் சுமக்கவும் வேண்டாம். அந்த எண்ணம் எவ்வளவு தீவிரம் என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடமோ அவசர உதவியிடமோ சேர்த்துவிடுங்கள். “யார்கிட்டயும் சொல்லிடாதே” என்ற வாக்குறுதியை இந்த ஒரு விஷயத்தில் தரக் கூடாது. இல்லாத குரல்கள் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் பரபரப்பது, சாப்பாட்டை அறவே விடுவது போன்றவையும் பத்து நிமிடப் பயிற்சிக்கு உரியவை அல்ல.

பத்தாவது: மேலே போக விரும்பினால்

ராஜர்ஸை நேரடியாகப் படிக்க 1961இல் வந்த ‘ஆன் பிகமிங் எ பர்சன்’ நல்ல வாசல். முதல் அத்தியாயத்தில் தன்னைப் பற்றி அவரே சொல்வதிலிருந்து தொடங்குங்கள். பின்னால் வரும் ஆய்வுக் கட்டுரைகளை முதல் வாசிப்பில் தாண்டிவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. 1960களின் நடுவில் வந்த ஒரு பயிற்சிப் படத்தில் ஒரே பெண்ணோடு ராஜர்ஸ், வேறு சிகிச்சை முறைகளைத் தொடங்கிய ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் மூவரும் தனித்தனியாகப் பேசுவதைப் பார்க்கலாம். ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை முகங்களை மட்டும் பாருங்கள், யார் எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று தெரியும்.

நீங்களே ஒரு ஆலோசகரிடம் சில தடவை போய்ப் பார்ப்பதும் பயிற்சிதான். நாற்காலியின் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்பது புத்தகத்தில் கிடைக்காது. முதல் சந்திப்பிலேயே அவருடைய தகுதி, பயிற்சி, மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்பதைக் கேட்டுவிடுங்கள், நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி. அவர் சொன்னது ஏதாவது பொருந்தாதபோது, ‘இல்ல, அப்படி இல்ல’ என்று உங்களால் சொல்ல முடிந்ததா? முடிந்திருந்தால் அடுத்த வாரமும் போங்கள்.